லயன் வீட்டின் காற்றுத் துவாரம்: வெட்டும் தகரமும் வெளியேறாத புகையும்

மலையக வீட்டுப் பிரச்சினை என்றதும் காணி, கூரை, மண்சரிவு ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவைதான். ஆனால் சுவரின் அடியிலும் கூரைக்குக் கீழேயும் ஒரு சாண் அகலத்தில் இருக்கும் காற்றுத் துவாரத்தைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. புகை வெளியேறுவதும், தரை காய்வதும், நித்திரையில் இருப்பவருக்கு நல்ல காற்றுக் கிடைப்பதும் அந்தத் துவாரத்தால்தான். அதே துவாரத்தில் தகரத்தின் வெட்டு விளிம்பு மழிக்கப்படாமல் நிற்கும்போது பிள்ளையின் விரலும் தாயின் உள்ளங்கையும் கிழிகின்றன.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயனில் வளர்ந்தவன். கட்டட மேற்பார்வை வேலைக்காகப் போருக்குப் பின்னர் சில வருடங்கள் வன்னியில் இருந்தேன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மீளக்குடியமர்ந்த மக்கள் தகரக் கொட்டில்களில் இருந்த காலம் அது. தகர விளிம்பு என்ன செய்யும் என்பதை அந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்முறைகளுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்களுக்கு லயன் தகரமும் தெரியும், முகாம் தகரமும் தெரியும். இரண்டு இடத்தையும் அறிந்த வாசகர்களையும் மனதில் வைத்தே இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

லயனில் காற்று எந்த வழியால் வருகிறது?

பழைய லயன் காம்பரா ஒன்று பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு சிறிய இஸ்தோப்பு. ஒற்றை வரிசை லயனில் பின்பக்கச் சுவரில் ஏதாவது திறப்பு வைக்க வழியுண்டு. இரட்டை வரிசை லயனில் அதுவும் இல்லை. முதுகோடு முதுகாக இரண்டு வரிசை வீடுகள் ஒரே நடுச்சுவரைப் பகிர்கின்றன. முன்வாசலைத் தவிரக் காற்றுக்கு வேறு வழி கிடையாது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டாவும் இந்தக் காம்பராக்களின் அளவையும், பலவற்றில் ஜன்னலும் ஒழுங்கான சமையலறையும் இல்லாததையும் குறிப்பிட்டிருந்தார்.

பல லயன்களில் வீடுகளைப் பிரிக்கும் இடைச்சுவர் கூரைவரை எழுப்பப்படவில்லை. ஒரு வீட்டின் அடுப்புப் புகை கூரைக்கடியால் அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஒரு வீட்டில் மின்ஒழுக்கு ஏற்பட்டால் முழு வரிசையும் எரிவதற்கும் இதுவே ஒரு காரணம்.

இதே தோட்டத்தின் தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். பறித்த கொழுந்தை வாட வைக்கும் நீண்ட தொட்டிகளில் அடியில் கம்பிவலை இருக்கும். மின்விசிறி அந்த வலைக்குக் கீழிருந்து காற்றைத் தள்ளும். ஈரம் எவ்வளவு, காற்று எவ்வளவு, கொழுந்தை எத்தனை மணித்தியாலம் விட வேண்டும் என்று கணக்குப் பார்க்க ஆள் நிற்பார். காற்றோட்டம் பற்றிய அறிவு தோட்டத்தில் இல்லாமல் இல்லை. அது கொழுந்துக்குக் கிடைத்தது. கொழுந்து பறித்தவரின் காம்பராவுக்கு வரவில்லை.

துவாரம் எதற்கு இரண்டு இடத்தில் வேண்டும்?

சூடான புகை மேலே எழும். அது கூரைக்கடியால் வெளியே போக வேண்டுமானால், அதன் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று தாழ்வான இடத்திலிருந்து உள்ளே வர வேண்டும். ஆகவே மேலே ஒன்று, தரைக்கு அருகே ஒன்று என இரண்டு திறப்புகள் தேவை. மேல் துவாரத்தை மாத்திரம் வைத்துக் கீழ்த் துவாரத்தை அடைத்தால் புகை தயங்கி நின்று மீண்டும் அறைக்குள் இறங்கும். “சிமினி வைத்தும் புகை போகவில்லை” என்று சொல்லப்படும் வீடுகளில் முதலில் கீழ்த் துவாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அதை மக்கள் காரணமின்றி அடைப்பதில்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில அதிகாலைகளில் புல்லில் உறைபனி படியும். தரைமட்டத் துவாரத்தால் குளிர்காற்றோடு எலியும் அட்டையும் சில நேரம் பாம்பும் வரும். எனவே பழைய சாக்கை உருட்டி அடைக்கிறார்கள், அல்லது கையில் கிடைத்த தகரத் துண்டை வெட்டிச் செருகுகிறார்கள். ஆபத்து அந்தத் தகரத் துண்டில்தான் தொடங்குகிறது.

அடைத்த அறைக்குள் குளிருக்குத் தணல் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நித்திரைக்குப் போவது இன்னும் பெரிய ஆபத்து. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, குமட்டல், அளவுக்கு மீறிய அசதி ஆகியவை அதன் அறிகுறிகள். நித்திரையில் இருப்பவருக்கு அவையும் தெரியாது. தணல் உள்ளே இருந்தால் துவாரம் திறந்திருக்க வேண்டும். படுக்கப் போகுமுன் தணலை வெளியே எடுத்துவிட வேண்டும்.

விறகுப் புகையையும் வெறும் கண்ணெரிவு என்று தள்ள முடியாது. வீட்டுக்குள் அடுப்புப் புகையால் உண்டாகும் காற்று மாசு 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் பேரின் உயிரைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தேயிலை மரத்தையும் சவுக்கு மரக்கிளையையும் ஈரத்தோடு எரிக்கும் வீடுகளில் இந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் பெண்களும் அவர்களின் மடியில் இருக்கும் பிள்ளைகளும்தான்.

விளிம்பு ஏன் வெட்டுகிறது?

கூரைத் தகரம் அரை மில்லிமீற்றர் அளவான தடிப்பே உடையது. அதைத் தகரக் கத்தரியால் வெட்டும்போது விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். உளியால் அடித்துக் கிழித்தால் அந்தப் பிசிறு வாள்பல்லாக மாறும். ஆணியால் குத்தித் துளை போட்ட தகரத்தின் மறுபக்கம் நட்சத்திரம்போல விரிந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அந்தப் பக்கம் சுவருக்குள் மறைவதால் வேலை செய்தவர் அதைத் தட்டிவிட நினைப்பதில்லை. துடைக்கக் கையை உள்ளே விடுபவருக்குத்தான் அது தெரியவரும்.

துருவும் அந்த இடத்தில்தான் முதலில் பிடிக்கிறது. தகரத்தின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு இரும்பைக் காக்கிறது. வெட்டிய விளிம்பில் பூச்சு இல்லை. மலையகத்து மழையும் பனியும் புகையும் சேர்ந்தால் அந்த விளிம்பு விரைவில் அரிக்கப்பட்டுப் பொரிந்து, முன்னரைவிடக் கூர்மையாகும். இப்போது அதிகம் பாவிக்கப்படும் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுடைய தகட்டுக்கு ஈரச் சீமெந்தே பகை. சீமெந்தின் காரம் பூச்சைத் தின்றுவிடும். அத்தகைய தகட்டை நேரே சாந்துக்குள் புதைத்துப் பூசுவது பிழையான வேலை.

மோசமான வேலையின் அடையாளங்கள் எங்கும் ஒரே மாதிரிதான். துவாரத்தின் உட்புறம் பூசப்படாமல் கல்லும் சாந்தும் கரடாக நிற்கும். வலையின் கம்பி நுனிகள் உட்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். துவாரத்தின் அடித்தளம் வெளிப்பக்கம் சாயாமல் உள்ளே சாய்ந்திருப்பதால் மழைநீர் அறைக்குள் வரும். சட்டம் நான்கு மூலையிலும் பிடிக்கப்படாமல் இரண்டு ஆணியில் தொங்கும். கட்டி முடித்த வீட்டை வந்து பார்ப்பவர் வர்ணத்தையும் கதவையும் பார்ப்பார். குனிந்து தரையோரத் துவாரத்தைப் பார்ப்பவர் அரிது.

திருத்துவது எப்படி?

இவற்றில் பலவற்றைப் பெரிய செலவில்லாமல் செய்யலாம். ஓர் அரம், தகரக் கத்தரி, மரச்சுத்தியல், தடித்த தோல் கையுறை ஆகியவை போதும்.

முதலில் பரிசோதனை. வெறுங்கையால் தடவிப் பார்க்க வேண்டாம். பழைய துணியொன்றைத் தடியில் சுற்றி, துவாரத்தின் நான்கு பக்கமும் உட்புறமும் மெதுவாக இழுங்கள். துணி சிக்கும் இடமெல்லாம் கை கிழியும் இடம். கரித்துண்டால் அடையாளம் போடுங்கள்.

அடுத்து விளிம்பை மடித்தல். பிசிறை அரத்தால் ஒரே திசையில் தேய்த்து எடுத்தபின், விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே கோடிட்டு, தகரத்தை அந்தக் கோட்டில் முழுவதுமாக மடித்து மரச்சுத்தியலால் தட்டிப் படுக்க வையுங்கள். மடித்த விளிம்பு வெட்டாது, தகரமும் விறைப்பாகும். பழைய தகர வேலைக்காரர்கள் வாளி செய்தாலும் விளக்குச் செய்தாலும் மடிக்காமல் விட்டதில்லை. மடிக்க முடியாத இடத்தில் பழைய இறப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து விளிம்பில் மாட்டலாம். ஆனால் அடுப்புக்கு அருகே இறப்பர் கூடாது.

எலி வராமல் இருக்கக் கீழ்த் துவாரத்துக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போதும். வலையைச் சுவரின் வெளிப்பக்கத்தில் பொருத்தி, கம்பி நுனிகளைப் பின்னால் வளைத்துச் சட்டத்துக்குள் மறைக்க வேண்டும். குளிர்காற்று நேரே அடிக்காதிருக்க, வெளியே சாய்வாக ஒரு தடுப்பு வைத்தால் காற்று பக்கவாட்டில் நுழையும். அப்படியானால் சாக்கால் அடைக்கும் தேவையே இராது. மேல் துவாரத்துக்கு அவ்வளவு சிறிய கண் வலை போடக்கூடாது. புகைக்கரி படிந்து சில மாதங்களில் அடைத்துவிடும்.

புதிய துவாரம் போடுவதானால் யோசித்தே செய்ய வேண்டும். பழைய லயன் சுவர்களில் பல, கருங்கல்லை மண்ணோ சுண்ணாம்போ வைத்துக் கட்டியவை. மூலைக்கு அருகிலும், கூரை மரம் தாங்கும் இடத்துக்கு நேர் கீழேயும் உடைக்க வேண்டாம். துவாரத்துக்கு மேலே இரு பக்கமும் அரை அடி நீளும்படி தாங்குகட்டை வைத்த பின்னரே கற்களை எடுக்க வேண்டும். அனுபவமுள்ள மேசன் பாஸ் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

புகைக்கூடு தகரத்தால் செய்வதாக இருந்தால் அது கூரையின் முகட்டைவிட இரண்டடியாவது உயர வேண்டும். சூடாகும் குழாய்க்கும் கூரை மரத்துக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். புகையைக் குறைக்க மற்றொரு வழி அடுப்பையே மாற்றுவது. 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ மண் அடுப்பில் ஒரே விறகில் இரண்டு பாத்திரம் வைக்கலாம். விறகும் குறையும், புகையும் குறையும்.

அஸ்பெஸ்டஸ் கூரையானால்

அஸ்பெஸ்டஸ் தகட்டில் புகைக்குழாய்க்காக நீங்களே துளை வெட்ட வேண்டாம். வெட்டும்போது எழும் தூசியில் உள்ள நார் நுரையீரலில் தங்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தத் தகட்டுக்கும் தேயிலைக்கும் ஒரு கதை உண்டு. அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 ஜனவரியிலிருந்து நிறுத்த இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா எமது தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ரஷ்யா முக்கியமானது. சில நாட்களில் இலங்கை தன் அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தது. ரஷ்யாவின் தேயிலைத் தடையும் நீங்கியது. தேயிலை பறிப்பவரின் தலைக்கு மேலே என்ன தகடு இருக்கும் என்பதும் தேயிலைச் சந்தையில் முடிவான விடயம்தான்.

வெட்டிவிட்டால்

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுச் சில நிமிடங்கள் நன்றாகக் கழுவுங்கள். பின்னர் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கோப்பித்தூள், தேயிலைத்தூள், மண்ணெண்ணெய், அடுப்புச் சாம்பல் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

ஏற்புவலி துருவினால் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. மண்ணோடு கிடக்கும் துருத் தகரம் அதை ஆழமாக உள்ளே கொண்டுபோகிறது. தரையோரத் துவாரத்தில் வெட்டிய காயத்தை அற்பமாக எண்ணக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. நோய் பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தோன்றும். ஏற்கெனவே ஊசி போட்டவராயினும், அழுக்கான காயமானால் கடைசி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேலாகியிருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்கு அந்தக் காலம் பத்து வருடம்.

விரல் நுனி மரத்துப்போனால், விரலை மடிக்கவோ நீட்டவோ முடியாவிட்டால், அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். ஹட்டன் பகுதியில் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும், நுவரெலியாவில் மாவட்ட பொது வைத்தியசாலையும் உள்ளன. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

கொழுந்து பறிப்பவருக்குப் பெருவிரலும் சுட்டுவிரலுமே சம்பளம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வீட்டுத் துவாரத்தில் வெட்டிய விரலை வேலையில் ஏற்பட்ட காயமாக எந்தத் தோட்டமும் கணக்கெடுக்காது. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பத்தின் சொந்த நட்டம். அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

யாரிடம் சொல்வது?

சிக்கல் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. லயன் சுவரில் ஒரு கல்லை எடுக்கவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. வீடமைப்பு, சுகாதாரம் போன்ற வேலைகளுக்கு, மக்கள் ‘ட்ரஸ்ட்’ என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வந்தது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கு நிதி செலவிடுவதற்கு அந்தப் பிரிவு தடையாக இருந்தது. அதே வருடத்தில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டமூலம் அமைக்கப்பட்டது. நிறுவனங்கள் பல இருந்தாலும், துவாரத்துக்கு ஒரு வலை போட யாரிடம் கேட்பது என்று ஒரு தாய் கேட்டால் உடனே பதில் சொல்ல ஆளில்லை.

என் அனுபவத்தில் பயன்தந்த ஒழுங்கு இது. தோட்ட அலுவலகத்துக்கும் நலன்புரி உத்தியோகத்தருக்கும் திகதியிட்ட கடிதம் கொடுங்கள். படமெடுத்து இணையுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். தனி வீடாகக் கேட்காமல் லயனில் உள்ள எல்லாக் குடும்பமும் ஒன்றாகக் கேளுங்கள். தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இயங்கும் இடத்தில் அதன் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். பிள்ளைக்குக் காயமோ புகையால் இருமலோ என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். அவர்களின் பதிவு பின்னர் ஆதாரமாகும்.

புதிய வீட்டின் சாவியை வாங்குமுன்

இந்திய உதவியிலான 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்கிலும், 4,000 மலையகத்திலும் கட்டத் திட்டமிடப்பட்டன. வடக்கு, கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. காசு போதவில்லை என்ற குறை எங்கும் இருந்தது. ஆயினும், “பாஸ், இந்த விளிம்பைத் திருப்பிச் செய்யுங்கோ” என்று கிளிநொச்சியில் ஒரு அம்மா தயங்காமல் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அடுத்த கட்டக் கொடுப்பனவு அவரது கையில் இருந்தது. மேசனும் சத்தமில்லாமல் அரத்தை எடுத்தார்.

2016இல் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை ஆர்சலர் மிட்டல் நிறுவனம் மூலம் வடக்கு, கிழக்கில் அமைக்க அரசு முனைந்தபோது எழுந்த எதிர்ப்பும் நினைவிருக்கும். காற்றோட்டம், விறகு அடுப்புக்கான புகைக்கூடு, அத்திவாரம் ஆகியவையே அங்கு கேட்கப்பட்ட கேள்விகள். குடியிருக்கப் போகிறவர்கள் கேட்டதால்தான் அந்தத் திட்டம் அப்படியே நிறைவேறவில்லை.

மலையகத்திலும் லயனுக்கு வெளியே ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழுகின்றன. 2018 ஆகஸ்ட்டில் டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. இனிவரும் வீடுகளிலும் சாவி வாங்குமுன் ஐந்து நிமிடம் எடுங்கள். எல்லாத் துவாரத்தையும் துணி சுற்றிய தடியால் பாருங்கள். கீழ்த் துவாரம் வெளிப்பக்கம் சாய்கிறதா என்று ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடுப்பில் ஈரவிறகை மூட்டிப் புகை எங்கே போகிறது என்று பாருங்கள். குறையிருந்தால் கையொப்பம் வைக்கும் தாளிலேயே அதை எழுதுங்கள்.

வேலை நன்றாக இருப்பதும் மோசமாக இருப்பதும் மேசனின் கைத்திறனை மாத்திரம் பொறுத்ததல்ல. “இது சரியில்லை, மீண்டும் செய்” என்று சொல்ல வீட்டில் இருப்பவருக்கு உரிமை உண்டா என்பதையும் பொறுத்தது. லயனில் இருந்தவர்களுக்கு அந்த உரிமை ஒருபோதும் இருக்கவில்லை. மலையக மக்கள் காணி உறுதி கேட்பதில் இந்த உரிமையும் அடங்கியிருக்கிறது. உறுதி கைக்கு வரும்வரை, அரமும் திகதியிட்ட கடிதமும் அவர்களிடம் இருக்கட்டும்.